நடு அறை

2013 மே 20, திங்கட்கிழமை. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் மூர் என்றொரு நகரம். ஓக்லஹோமா சிட்டிக்குத் தெற்கே, ஐம்பதாயிரம் பேருக்கு மேல் வாழும் புறநகர். பிற்பகல் 2.40க்கு தேசிய வானிலைச் சேவையின் நார்மன் அலுவலகம் டொர்னாடோ எச்சரிக்கை விடுத்தது. 2.56க்கு, மூருக்கு மேற்கே நியூகாசில் பக்கத்தில் சுழல் தரையைத் தொட்டது. அடுத்த 39 நிமிடங்களில் ஏறத்தாழ 22 கிலோமீட்டர் கிழக்கே நகர்ந்தது. அகலம் சில இடங்களில் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல். காற்றின் வேகம் மணிக்கு 320 கிலோமீட்டரைத் தாண்டியது. 24 பேர் இறந்தார்கள். அவர்களில் ஏழு பேர் பிளாசா டவர்ஸ் தொடக்கப் பள்ளியின் குழந்தைகள். ஆயிரத்துக்கும் அதிகமான வீடுகள் அழிந்தன.

அழிந்த வீடுகளின் எண்ணிக்கையையும் இறந்தவர்களின் எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குழந்தைகளைப் பறிகொடுத்த ஊரிடம் இப்படிக் கணக்குப் பேசுவது கல்நெஞ்சமாகத் தோன்றும். ஆனாலும் நமக்கு வாசல் இந்தக் கணக்குதான். கூரை பறந்து, சுவர் சரிந்து, மரச்சட்டமும் உடைசலுமாய்க் குவிந்து கிடந்த வீடுகளுக்குள்ளிருந்து ஆட்கள் உயிரோடு எழுந்து வந்தார்கள். சுழல் தரை தொடுவதற்கு 16 நிமிடம் முன்பே எச்சரிக்கை வந்துவிட்டது. மூரின் குடியிருப்புகளை அது எட்டியபோது எச்சரிக்கை வந்து அரைமணி ஆகியிருந்தது. அந்த அரைமணியில் யார் எங்கே போய் ஒடுங்கினார்கள் என்பதுதான் இந்த அத்தியாயத்தின் விஷயம்.

நமக்குப் பழக்கம் புயல். வர்தாவோ கஜாவோ வங்கக்கடலில் உருவாகி, பெயர் வாங்கி, சில நாள் தொலைக்காட்சியில் சுற்றிவிட்டுத்தான் கரைக்கு வரும். வந்தால் பல மாவட்டங்களை ஒருசேரப் புரட்டும். டொர்னாடோ வேறு பிறவி. ஒரே ஓர் இடிமேகத்தின் அடியிலிருந்து இறங்கும் சுழல் அது. பெரும்பாலானவை சில நூறு மீட்டர் அகலம்கூட இருக்காது. பத்து நிமிடத்துக்குள் ஆயுள் முடிந்துவிடும். அமெரிக்காவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 டொர்னாடோக்கள் பதிவாகின்றன. அவற்றில் மிகப் பெரும்பான்மை, கூரையில் கொஞ்சத்தைப் பெயர்த்து மரக்கிளையை முறித்துவிட்டுப் போகிற ரகம். ஊரை அழிக்கும் கொடிய ரகம் நூற்றில் ஒன்று தேறினால் அதிகம். சாவுகளில் பெரும்பங்கு அந்த ஒன்றின் கணக்கில் சேர்கிறது.

வருவது எந்த ரகம் என்று கேட்டால் பதில் பெரும்பாலும் மறுநாள்தான் கிடைக்கும். ஏனென்றால் டொர்னாடோவுக்குத் தரம் போடுவது அது விட்டுப்போன சேதத்தைப் பார்த்து. இந்த முறையை உருவாக்கியவர் தெட்சுயா புஜிட்டா. 1920இல் ஜப்பானின் கியூஷு தீவில் பிறந்தவர். 1945இல் அணுகுண்டு விழுந்த நாகசாகி, ஹிரோஷிமா இரண்டையும் நேரில் போய் ஆராய்ந்தவர். பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் போய், சாய்ந்த மரத்தையும் சிதறிய வீட்டையும் பார்த்தே காற்றின் போக்கைச் சொல்லும் வித்தையை டொர்னாடோ பக்கம் திருப்பினார். சுழலுக்குள் காற்றுமானியை வைத்தால் அது பிழைக்காது. ஆகவே உடைந்த வீட்டையே அவர் காற்றுமானியாக வைத்துக்கொண்டார். 1971இல் வந்த அவரது அளவுகோல் 2007இல் திருத்தப்பட்டு, இன்று இஎஃப்-0 முதல் இஎஃப்-5 வரை ஆறு படிகளாக இருக்கிறது. மூரைத் தாக்கியது கடைசிப் படி.

புஜிட்டா இன்னொரு புதிரையும் அவிழ்த்தார். ஒரு வீடு அடியோடு போயிருக்கும். அடுத்த வீட்டில் சன்னல் மட்டும் உடைந்திருக்கும். கடவுள் கணக்கு என்று பலர் இதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். பெரிய சுழலுக்குள் சின்னச் சுழல்கள் பல, மையத்தைச் சுற்றியபடி ஓடுகின்றன. அவற்றில் ஒன்று மிதித்த இடத்தில்தான் முழு அழிவு என்று அவர் காட்டினார்.

இந்தச் சுழல் எப்படிப் பிறக்கிறது? அமெரிக்காவின் நடுச்சமவெளிக்கு வசந்த காலத்தில் மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வெப்பமும் ஈரமும் மிகுந்த காற்று வரும். மேற்கேயுள்ள மேட்டு நிலங்களிலிருந்து வறண்ட காற்று வரும். இவற்றுக்கெல்லாம் மேலே ஜெட் காற்றோட்டம் விரைந்து ஓடும். தரையருகே காற்று ஒரு திசையில் மெதுவாகவும், உயரத்தில் வேறு திசையில் வேகமாகவும் போவதால் இடைப்பட்ட காற்று, மாவின்மேல் சப்பாத்திக் கட்டை உருள்வதுபோல், படுத்தபடி உருளத் தொடங்குகிறது. இடிமேகத்துக்குள் ஏறும் வெப்பக் காற்று அந்த உருளையை நடுவில் தூக்கி நிமிர்த்துகிறது. படுத்துச் சுழன்றது இப்போது நின்று சுழல்கிறது. மேகமே பல கிலோமீட்டர் அகலத்தில் மெல்லச் சுற்றும். இப்படிச் சுற்றும் மேகத்துக்கு சூப்பர்செல் என்று பெயர். அதன் பின்புறத்தில் இறங்கும் குளிர்ந்த காற்று தரையருகே வளைந்துவர, அங்கே சுழற்சி இறுகுகிறது. விட்டம் சுருங்கச் சுருங்க வேகம் ஏறுகிறது. சூப்பர்செல் எல்லாம் டொர்னாடோவைப் பெறுவதில்லை. பெரும்பாலானவை ஆலங்கட்டியைக் கொட்டிவிட்டுக் கலைந்துவிடும். எச்சரிக்கை தருபவர்களின் தலைவலியே அங்கேதான் தொடங்குகிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் வீடு. மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காற்று, எதிரே நிற்கும் சுவரின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் சுமார் 120 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தும். வேகம் இரட்டித்து 320 ஆனால் அழுத்தம் இரட்டிப்பதில்லை. நான்கு மடங்காகி 480 கிலோவைத் தொடும். ஒரு நடுத்தர அறையின் சுவர் பத்து சதுர மீட்டர் இருக்கும் என்றால், அதன்மேல் விழுவது ஐந்து டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. நம் ஊர்க் காங்கிரீட் வீட்டை மனத்தில் வைத்துக்கொண்டு இதைக் கேட்கக் கூடாது. அமெரிக்கச் சராசரி வீடு மரச்சட்டத்தில் எழுப்பியது. வெளியே ஒட்டுப்பலகை, உள்ளே ஜிப்சம் அட்டை. டெக்சஸில் வீடு வாங்கும் நம்மவர்கள் செங்கல் வீடு என்று ஊருக்குப் பெருமையாகச் சொல்வதுண்டு. அந்தச் செங்கல் பெரும்பாலும் ஒற்றை வரிசை வெளித்தோல்தான். வீட்டைத் தாங்கி நிற்பது உள்ளேயிருக்கும் மரம்.

அந்த வீடு உடையும் வரிசையைச் சற்று நின்று பார்க்கலாம். பல வீடுகளில் முதலில் போவது கார் நிறுத்தும் கொட்டகையின் கதவு. வீட்டிலேயே மிக அகலமான திறப்பு அது. அதை மூடியிருப்பது மெல்லிய தகட்டுக் கதவு. அது உள்ளே மடங்கியதும் காற்று புகுந்து கூரையை அடியிலிருந்து உந்தும். மேலே கூரையைத் தாண்டி ஓடும் காற்றோ அதை மேல்நோக்கி இழுக்கும். அடியில் உந்தலும் மேலே இழுப்பும் சேரும்போது கூரையைச் சுவரோடு பிடித்து வைத்திருப்பவை, பழைய வீடுகளில், சாய்வாக அறைந்த சில ஆணிகள் மட்டுமே. அவை பிடுங்கிக்கொள்ளும். கூரை போனதும் வெளிச்சுவர்களுக்கு மேல்பிடி கிடையாது, ஒவ்வொன்றாய்ச் சாயும். கடைசியாக நிற்பவை வீட்டின் நடுவேயுள்ள சின்ன அறைகள்: குளியலறை, துணி வைக்கும் அறை, மாடிப்படிக்கு அடியிலுள்ள பொந்து. சின்ன அறையின் சுவர்கள் நீளம் குறைந்தவை. நான்கு மூலையும் நெருக்கமாக ஒன்றையொன்று தாங்குபவை. குளியலறையில் குழாய்களும் சுவரோடு சேர்ந்து கொஞ்சம் பிடிகொடுக்கும்.

இந்த வரிசையைத் தெரிந்துகொண்டால், காலங்காலமாகச் சொல்லப்பட்டு வந்த ஒரு புத்திமதி விழுந்துவிடும். சன்னல்களைத் திறந்து வையுங்கள், இல்லையென்றால் வெளியே அழுத்தம் குறைந்து வீடு வெடித்துவிடும் என்பது அந்தப் புத்திமதி. சேதமான வீட்டில் சுவர்கள் வெளிப்பக்கமாக விழுந்து கிடப்பதைப் பார்த்துத்தான் இதைக் கற்பித்துக்கொண்டார்கள். சுழலின் மையத்தில் அழுத்தம் குறைவது உண்மை. 2003 ஜூன் 24 அன்று தெற்கு டகோட்டாவின் மான்செஸ்டரில் டிம் சமராஸ் என்ற பொறியாளர் தரையில் வைத்த கருவி, ஒரு நிமிடத்துக்குள் 100 ஹெக்டோபாஸ்கல் சரிவைப் பதிந்தது. கடல்மட்டக் காற்றழுத்தத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அது. ஆனால் எந்த வீடும் அப்படிக் காற்றுப் புகாத டப்பா இல்லை. அந்தச் சரிவு வந்து சேருமுன்பே காற்று சன்னலை உடைத்து வேலையை முடித்திருக்கும். சன்னலைத் திறக்க ஓடுகிறவர் மிச்சமிருக்கும் நிமிடங்களைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் செலவழிக்கிறார். அவ்வளவுதான் பயன்.

தென்மேற்கு மூலைக் கதையும் இதே ரகம். அமெரிக்க டொர்னாடோக்களில் பெரும்பாலானவை தென்மேற்கிலிருந்து வடகிழக்காக நகர்வதால், நிலவறையின் தென்மேற்கு மூலையில் பதுங்கினால் இடிபாடு தலைக்கு மேலாகப் பறந்துபோய்விடும் என்று 19ஆம் நூற்றாண்டிலிருந்து நம்பினார்கள். 1966இல் கான்சஸின் டொபீகா நகர் அடிபட்ட பிறகு, ஜோசப் ஈகிள்மன் என்ற ஆய்வாளர் வீடு வீடாகச் சேதத்தைப் பதிந்து பார்த்தார். மிக ஆபத்தான இடங்களின் பட்டியலில் தென்மேற்கு மூலை முன்னணியில் இருந்தது.

டொர்னாடோ என்றதும் ஆளை அப்படியே தூக்கிக்கொண்டு போகும் என்ற படம்தான் மனத்தில் வருகிறது. சினிமா செய்த வேலை. உண்மையில் பெரும்பாலோரைக் காயப்படுத்துவதும் கொல்வதும் காற்று எறியும் பொருள்களும் மேலே விழும் இடிபாடும்தான். பக்கத்து வீட்டுச் சட்டம், கூரைத் தகடு, கண்ணாடிச் சில்லு, செங்கல், சில நேரம் கார். டெக்சஸின் லபக் நகரில் உள்ள டெக்சஸ் டெக் பல்கலைக்கழகத்தில் காற்றழுத்தப் பீரங்கி ஒன்று இருக்கிறது. வீடு கட்டப் பயன்படும் சாதாரண மரச்சட்டம், ஏழு கிலோவுக்குச் சற்றே குறைந்த எடை. அதை மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் சுவர்மேல் ஏவிச் சோதிப்பார்கள். செங்கல் தோல் போர்த்திய சாதாரண வீட்டுச் சுவரைச் சட்டம் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடும். பாதுகாப்பு அறைக்கென்று வலுவூட்டிய சுவரில் பட்டால் சட்டம்தான் நொறுங்கும்.

அந்தப் பல்கலைக்கழகத்துக்கு இதில் இவ்வளவு அக்கறை ஏன் என்றால், 1970 மே 11 அன்று டொர்னாடோ அவர்களுடைய ஊருக்குள்ளேயே வந்தது. 26 பேர் இறந்தார்கள். அதிலிருந்து அங்கேயுள்ள பொறியாளர்கள் டொர்னாடோ பட்ட ஊர்களுக்கெல்லாம் போய்ப் பார்க்கத் தொடங்கினார்கள். வீடே இல்லாத அடித்தளத்தின் நடுவில் ஒரு சின்ன அறை மட்டும் நிற்கும் காட்சி திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. எர்ன்ஸ்ட் கீஸ்லிங் என்ற கட்டடப் பொறியாளருக்கு அதிலிருந்து யோசனை வந்தது: முழு வீட்டையும் கோட்டையாக்க எல்லோருக்கும் காசு இருக்காது; ஓர் அறையை மட்டும் ஏன் கோட்டையாக்கக் கூடாது? 1974 வாக்கில் அவர் முன்வைத்த இந்த யோசனை பின்னர் அமெரிக்க அரசின் வழிகாட்டு நெறியாயிற்று. காங்கிரீட்டிலோ எஃகிலோ கட்டி, அடித்தளத்தோடு போல்ட் போட்டு முடுக்கிய சின்ன அறை. மணிக்கு 400 கிலோமீட்டர் காற்றைத் தாங்கும்படி வடிவமைப்பார்கள். என்னைக் கேட்டால் டொர்னாடோ ஆராய்ச்சி மனிதருக்குத் தந்த மிகப் பெரிய பரிசு ராடார்கூட இல்லை, இந்த அறைதான்.

அது இல்லாத வீட்டில் என்ன செய்வது? நிலவறை இருந்தால் நிலவறை. அங்கேயும் கனமான மேசைக்கு அடியில். டெக்சஸிலும் ஓக்லஹோமாவிலும் பெரும்பாலான வீடுகளுக்கு நிலவறை கிடையாது. பல இடங்களில் களிமண் ஈரத்தில் உப்பி வெயிலில் சுருங்குவதால் அங்கே தோண்டிக் கட்டுவது செலவும் தொல்லையும் பிடித்த வேலை. அப்படியானால் தரைத்தளத்தில், வெளிச்சுவர் எதையும் தொடாத, சன்னல் இல்லாத, மிகச் சின்ன அறை. வெளிக்காற்றுக்கும் உங்களுக்கும் நடுவே எத்தனை சுவர் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை கூடுதலாக இருக்கும் இடம்தான் உங்கள் இடம். டெக்சஸின் பிளேனோவிலும் ஃப்ரிஸ்கோவிலும் தமிழ்க் குடும்பத்தினர் சிலர் துணி வைக்கும் உள்ளறையைச் சாமி அறையாக மாற்றியிருப்பார்கள். பக்தியை விட்டுவிட்டுப் பொறியியலை மட்டும் பார்த்தாலும் அது நல்ல தேர்வு. தலைக்கு மேலே தட்டில் கனமான விக்கிரகமும் குத்துவிளக்கும் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அடுக்குமாடியில் மூன்றாம் மாடிக்காரர்களுக்கு இந்த வசதி இல்லை. அவர்கள் கீழ்வீட்டுக்காரரோடு நல்ல வானிலை இருக்கும்போதே பேசி வைத்துக்கொள்வது நல்லது. முடியாவிட்டால் தரைத்தளத்தின் உள் நடைபாதை. மின்தூக்கியில் ஏறவே கூடாது.

இனி நேரம். 1925 மார்ச் 18 அன்று மிசௌரி, இல்லினாய், இந்தியானா ஆகிய மூன்று மாநிலங்களை ஒரே டொர்னாடோ மூன்றரை மணி நேரம் உழுதது. 695 பேர் இறந்தார்கள். ஒருவருக்கும் எச்சரிக்கை இல்லை. மக்கள் பீதியடைவார்கள் என்று வானிலை அறிவிப்புகளில் டொர்னாடோ என்ற பேச்சையே அன்றைய அமெரிக்க வானிலைத் துறை தவிர்த்து வந்தது. அந்தக் கூச்சத்தைப் போக்கியது இரண்டு ராணுவ வானிலையாளர்கள். 1948 மார்ச் 20 அன்று ஓக்லஹோமாவின் டிங்கர் விமானப்படைத் தளத்தை ஒரு டொர்னாடோ துவைத்துப் போட்டது. அங்கே பணியிலிருந்த எர்னஸ்ட் ஃபாபுஷும் ராபர்ட் மில்லரும் பழைய வரைபடங்களைப் புரட்டி, எந்த நிலைமைகள் கூடினால் இது நடக்கிறது என்று பட்டியல் போட்டார்கள். ஐந்தாம் நாள், மார்ச் 25, அதே நிலைமைகள் வரைபடத்தில் மறுபடி தெரிந்தன. தயங்கித் தயங்கி முன்னறிவிப்பு கொடுத்தார்கள். ஒரே இடத்தை ஒரே வாரத்தில் இன்னொன்று தாக்கும் என்று சொல்வது எவ்வளவு பெரிய சூதாட்டம்! அன்று மாலை அதே தளத்தில் டொர்னாடோ இறங்கியது. விமானங்களைக் கட்டிவைத்திருந்ததால் சேதம் குறைந்தது.

இன்று மழைத்துளியின் வேகத்தையும் திசையையும் அளக்கும் டாப்ளர் ராடார்கள் நாடு முழுக்க 160 அளவில் இருக்கின்றன. மேகத்துக்குள் ஒரு பக்கம் துளிகள் ராடாரை நோக்கி வருகின்றன, ஒட்டிய பக்கத்தில் விலகிப் போகின்றன என்றால் அங்கே சுழற்சி. சுழல் வீடுகளை உடைத்துத் தூக்கினால் பறக்கும் பலகைகளும் ராடாரில் தனியாகத் தெரியும். இரவில்கூட, ஒருவரும் கண்ணால் பார்க்காமலே, டொர்னாடோ தரையில் இருக்கிறது என்று உறுதி செய்துவிடலாம். இரண்டு வகை அறிவிப்பு வரும். பல மாவட்டங்களுக்கு, பல மணி நேரத்துக்கு வருவது விழிப்பு அறிவிப்பு: சூழல் கூடிவருகிறது, காதைத் தீட்டி வைத்திருங்கள் என்று அர்த்தம். சின்னப் பரப்பைக் குறித்து, அரைமணி முக்கால்மணிக்கு வருவது எச்சரிக்கை. வந்துவிட்டால் அந்த நொடியே உள்ளே போக வேண்டும்.

ஆனால் போகமாட்டார்கள். 2011 மே 22 அன்று மிசௌரியின் ஜாப்ளின் நகரில் 160 பேரளவில் இறந்தார்கள். தெருவில் எச்சரிக்கைச் சங்கு, தாக்குதலுக்கு நன்றாகவே முன்னால் ஊதியது. பின்னர் அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனம் விரிவாக விசாரித்தபோது, பலர் முதல் சங்கைப் பொருட்படுத்தவில்லை என்று தெரிந்தது. அடிக்கடி ஊதும், ஒன்றும் நடக்காது, பழகிவிட்டது. வேறு சான்று தேடினார்கள்: தொலைக்காட்சியைப் போட்டார்கள், வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தார்கள். அன்று சுழல் மழைத்திரைக்குள் மறைந்து வந்தது. வாசலில் நின்றவர்களுக்குக் கறுத்த மழைதான் தெரிந்தது.

அவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. அமெரிக்காவில் வெளியாகும் டொர்னாடோ எச்சரிக்கைகளில் பத்துக்கு ஏழு அளவில் பொய்த்துப் போகின்றன. சுற்றும் மேகமெல்லாம் டொர்னாடோவை இறக்காது என்று மேலே சொன்னது இதற்குத்தான். வானிலையாளர் காத்திருந்து உறுதியானபின் சொன்னால் அவகாசம் இருக்காது. முன்பே சொன்னால் பொய்க்கும். ஏழு முறை வீணாகக் குளியலறைக்குள் கால்மணி நேரம் உட்கார்ந்திருப்பதற்கு ஆகும் செலவு கால்மணி நேரங்கள் ஏழு. இந்தக் கணக்கை அமைதியான நாளில் வீட்டார் எல்லோரும் பேசி ஒப்புக்கொண்டுவிட்டால், அடுத்த முறை வாசலுக்குப் போகும் கால் தானாக உள்ளே திரும்பும். இன்னொன்று: தெருச் சங்கு வெளியே இருப்பவர்களுக்கு வைத்தது. குளிர்சாதனம் ஓடும் மூடிய வீட்டுக்குள், தூக்கத்தில், அது கேட்கும் என்று நம்பக் கூடாது. பேட்டரியில் ஓடும் வானிலை வானொலியும் அவசர ஒலி அணைக்கப்படாத கைபேசியும் தலைமாட்டில் வேண்டும்.

மூர் அழிந்து பதினோரு நாள் கழித்து, மே 31 மாலை, ஓக்லஹோமா சிட்டிக்கு மேற்கே எல் ரீனோ பகுதியில் இன்னொன்று இறங்கியது. 4.2 கிலோமீட்டர் அகலம். இதுவரை அளந்தவற்றில் அதுவே மிக அகலமானது. ராடார் அளந்த காற்று மணிக்கு 480 கிலோமீட்டரை நெருங்கியது. மூர் நினைவில் பச்சையாக இருந்ததால் நகரவாசிகள் பயந்துபோய்க் காரை எடுத்துக்கொண்டு தெற்கே கிளம்பினார்கள். தொலைக்காட்சியிலேயே ஒருவர் அப்படிப் போகச் சொன்னார். நெடுஞ்சாலைகள் திணறின, எதிர்த் திசைத் தடத்திலும் புகுந்து ஆயிரக்கணக்கான கார்கள் அசையாமல் நின்றன. சுழல் திறந்த வயல்வெளியிலேயே திரிந்து, நகரை எட்டுமுன் கலைந்துவிட்டது. எட்டிப் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் வானிலையாளர்கள் பேசிக்கொள்கிறார்கள். அதில் இறந்த எட்டுப் பேரும் வாகனங்களில் இருந்தவர்கள். மான்செஸ்டரில் அழுத்தத்தை அளந்தாரே டிம் சமராஸ், அவரும் அவர் மகனும் கூட்டாளியும் அந்த எட்டில் மூவர். சுழலின் குணத்தை அவரைவிட நெருங்கிப் பார்த்தவர்கள் குறைவு. அவராலேயே காரில் அதைத் தாண்ட முடியவில்லை. அன்றிரவு கொட்டிய மழையில், பதுங்குமிடம் என்று மழைநீர்க் கால்வாய்க் குழாய்களுக்குள் நுழைந்தவர்களில் சிலர் வெள்ளத்தில் இறந்தார்கள்.

சாலை மேம்பாலத்துக்கு அடியில் ஒதுங்குவதும் அப்படிப்பட்ட பொறிதான். குறுகிய திறப்பில் காற்று இன்னும் வேகமெடுக்கும். உடைசல் எல்லாம் அங்கே வந்து பாயும். 1999 மே 3 அன்று ஓக்லஹோமாவில் மூன்று வெவ்வேறு மேம்பாலங்களுக்கு அடியில் மூவர் இறந்தார்கள். 2015 டிசம்பர் 26 இரவு, டல்லஸ் அருகே கார்லண்டில் இறந்த பத்துப் பேரில் பெரும்பாலோர் நெடுஞ்சாலைச் சந்திப்பில் காரில் போய்க்கொண்டிருந்தவர்கள். டிசம்பரில், அதுவும் ராத்திரியில், டொர்னாடோவா என்று யாரும் நினைத்திருக்கமாட்டார்கள்.

உள்ளே போனதும் குனிந்து முழங்காலிட்டு, சுவர்ப்பக்கம் முகம் வைத்து, தலையையும் பிடரியையும் கையால் மூடிக்கொள்ள வேண்டும். குளியல் தொட்டி இருந்தால் அதற்குள் படுத்து மேலே மெத்தையை இழுத்துப் போட்டுக்கொள்ளலாம். குழந்தைகளின் சைக்கிள் ஹெல்மெட் இருக்கிறதே, அதை அங்கேயே மாட்டி வையுங்கள், தலைக்காயம்தான் எமன். பலரும் மறக்கும் பொருள் செருப்பு. அதுவும் கட்டைவிரல் தெரியும் வீட்டுச் செருப்பு போதாது, அடி தடித்த ஷூ வேண்டும். ஐந்து நிமிடத்துக்குப் பிறகு வீட்டைவிட்டு வெளியே வரும்போது நீங்கள் மிதிக்கப்போவது ஆணி நிமிர்ந்த பலகையும் கண்ணாடியும். ஊதுவதற்கு ஒரு விசில் இருந்தால் இடிபாட்டுக்கு அடியிலிருந்து கத்தித் தொண்டை வற்ற வேண்டாம். வெளியே வந்தபின் தீக்குச்சி உரசக் கூடாது, எரிவாயு கசிந்திருக்கும். அறுந்து கிடக்கும் மின்கம்பியைத் தாண்டிக் குதிக்கவும் கூடாது. ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ கார்க்கொட்டகையிலோ ஓட்டினால், சுழல் விட்டுவைத்தவர்களைக் கார்பன் மோனாக்சைடு கொண்டுபோகும்.

சின்னக் காயத்தையும் அலட்சியப்படுத்தக் கூடாது. ஜாப்ளினில் காயம்பட்டுப் பிழைத்தவர்களில் 13 பேருக்கு, சில நாளில் புண்ணைச் சுற்றிச் சதை அழுகத் தொடங்கியது. மண்ணிலும் மரத்திலும் வாழும் பூஞ்சை, காற்று ஏவிய சிராய்களோடு உடலுக்குள் ஆழமாகப் போயிருந்தது. 2021இல் கொரோனாவின் பின்னால் வந்து நம்மை நடுங்கவைத்த கருப்புப் பூஞ்சையின் குடும்பம்தான் அது. 13 பேரில் ஐந்து பேர் இறந்தார்கள்.

மூர் நகராட்சி 2014இல் கட்டட விதியை மாற்றியது. புது வீடு மணிக்கு 217 கிலோமீட்டர் காற்றைத் தாங்க வேண்டும். கூரையைச் சுவரோடு உலோகப் பட்டையால் பிணைக்க வேண்டும். கார்க்கொட்டகைக் கதவு வலுவாக இருக்க வேண்டும். இஎஃப்-5 வந்தால் அந்த வீடும் நிற்காது. ஆனால் நான் முன்பே சொன்ன, பெரும்பான்மையான சாதாரண ரகத்துக்கு அது போதும்.

இதுவரை பேசியதெல்லாம் நடுவே அறை இருக்கும் வீட்டாரைப் பற்றி. தொழிற்சாலையில் செய்து லாரியில் ஏற்றிவந்து நிறுத்தும் மொபைல் ஹோம்களில் அமெரிக்கர்களில் நூற்றுக்கு ஆறு பேர்போல் வாழ்கிறார்கள். வீட்டுக்குள் டொர்னாடோவுக்குப் பலியாகிறவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் அந்த ஆறு பேரிலிருந்து வருகிறார்கள். அந்த வீடு முழுதாக உருண்டுவிடும். அதன் எந்த அறையும் காக்காது. விழிப்பு அறிவிப்பு வந்தவுடனே, எச்சரிக்கைக்குக் காத்திராமல், பக்கத்திலுள்ள உறுதியான கட்டடத்துக்குப் போய்விடுவது ஒன்றே வழி.

உலகில் மிக அதிகம் பேரைக் கொன்ற டொர்னாடோ அமெரிக்காவில் நடந்ததும் இல்லை. 1989 ஏப்ரல் 26 அன்று பங்களாதேசத்தின் மாணிக்கஞ்ச் பகுதியில், தவுலத்பூர், சாட்டூரியா ஊர்களைத் தாக்கியதில் சுமார் 1,300 பேர் இறந்தார்கள். ஏறத்தாழ 80,000 பேர் வீடிழந்தார்கள். மூங்கிலும் தகரமுமாய்க் கட்டிய ஒற்றை அறை வீட்டில் வெளிச்சுவருக்கும் ஆளுக்கும் நடுவே இன்னொரு சுவர் கிடையாது. பறந்த தகரமே கத்தியாயிற்று. கடற்கரைப் புயல்களுக்காக அந்த நாடு கட்டிய காங்கிரீட் காப்பகங்கள் லட்சக்கணக்கான உயிர்களைக் காத்திருக்கின்றன. அங்கே போய்ச் சேர மக்களுக்குப் பல மணி நேரம் கிடைக்கிறது. பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் காற்றுக்குக் காப்பகம் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும். பள்ளியிலோ மசூதியிலோ சந்தையிலோ, ஊருக்கு ஊர், கூரையும் காங்கிரீட்டாகப் போட்ட ஓர் அறை. இதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் வேண்டாம். சிமெண்டும் கம்பியும், அவற்றுக்குப் பணம் ஒதுக்கும் அரசும் வேண்டும்.